பேசத் தெரிந்த பிள்ளைகளே எப்போதும் தலைவராகிவிடுகிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக வார இறுதியில் நடக்கும் ஓர் இளையோர் திட்டத்தை ஒருங்கிணைத்து வருகிறேன். தலைமைப் பண்பை வளர்ப்பதே நோக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். நடைமுறையிலோ, தயக்கமின்றிப் பேசும் மூன்று நான்கு பேரே எந்த வேலைக்கும் தலைவராகிவிடுகிறார்கள், மற்றவர்கள் சொன்னதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தேர்தல் வைத்தால் நண்பர்கள் அதிகம் உள்ளவர் வெல்கிறார். நாங்களே நியமித்தால் ‘சாருக்குப் பிடித்தவர்’ என்ற முணுமுணுப்பு எழுகிறது. மேடைப்பேச்சுப் பயிற்சியும் நடத்தினோம். ஏற்கெனவே பேசுகிறவர்கள் இன்னும் நன்றாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். இந்த வயதினரிடம் தலைமைப் பண்பு உண்மையில் எதனால் வளர்கிறது?

பதில் 1: முன்னாள் சாரணர்

உங்கள் சிக்கலுக்குக் காரணம் பிள்ளைகளின் கூச்சம் அல்ல, குழுவின் அளவு என்றே நினைக்கிறேன். முப்பது பேருக்கு ஒரு தலைவர் என்றால் அந்த இடத்தைப் பிடிப்பவர் உரக்கப் பேசுபவராகத்தான் இருப்பார். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் தம் முதல் சோதனை முகாமை நடத்தியபோது, வந்திருந்த ஏறத்தாழ இருபது சிறுவர்களையும் ஒரே கூட்டமாக வைத்துக்கொள்ளாமல் நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூத்த சிறுவனைப் பொறுப்பாக்கினார். சாரணர் இயக்கம் இன்றுவரை நிற்பது அந்த அணி முறையின் மேல்தான்.

அதில் பலர் கவனிக்காத ஒன்று, தலைவர் மட்டுமல்லாமல் அணியில் உள்ள ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பொறுப்பைச் சுமக்கிறார்கள் என்பது. ஒருவர் பொருள்களுக்குக் கணக்கு வைப்பார், ஒருவர் முதலுதவிப் பெட்டியைப் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் கூட்டக் குறிப்பு எழுதுவார். பேசாத பிள்ளை, கயிறு எத்தனை வேண்டும் என்பதைத் தான் மட்டுமே அறிந்திருக்கும் நிலையில், பேசியே ஆகவேண்டும். அப்போது மற்றவர்களும் கேட்டே ஆகவேண்டும். வாரம் ஒரு தலைவர் என்று சுழற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வேலையைத் தொடங்கிய பிள்ளையே அதை முடித்து, அதில் வரும் மனத்தாங்கலையும் தீர்த்துவைக்கும் அளவுக்காவது காலம் கொடுங்கள்.

பதில் 2: பள்ளி ஆலோசகர்

அணி முறையை ஏற்கிறேன். ஆனால் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத் தொடாமல் அணிகளை மட்டும் மாற்றினால் பயன் குறைவு. உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 1939இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ உங்கள் திட்டத்தைப் போன்ற சூழலில்தான் நடந்தது. பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கி, கைவேலைகள் செய்யவைத்து, பொறுப்பாளர் மூன்று விதமாக நடந்துகொள்ளும்போது என்ன நிகழ்கிறது என்று பார்த்தார்கள். எல்லாவற்றையும் தாமே கட்டளையிட்ட பொறுப்பாளர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை சரிந்தது. கலந்து பேசி முடிவெடுக்கப் பழகிய குழுவில் அவர் இல்லாதபோதும் வேலை பெரிதாகக் குறையவில்லை. எதிலும் தலையிடாமல் விட்டுவிட்ட மூன்றாவது முறையிலும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் ‘பிள்ளைகளிடமே விட்டுவிட்டோம்’ என்று பெருமையாகச் சொல்லும் திட்டங்கள் பலவும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை.

ஆகவே கட்டளையை நிறுத்திவிட்டுக் கேள்வியைத் தொடருங்கள். ‘மழை வந்தால் என்ன செய்வீர்கள்?’, ‘இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் யார், அவரிடம் கேட்டீர்களா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வாய் திறக்காமல் இருப்பது பெரியவர்களுக்குத்தான் கடினமான பயிற்சி. பதினொன்று முதல் பதினான்கு வயது வரை, சக வயதினர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது பிள்ளைகளை மிகவும் உறுத்தும். எனவே பிழையைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். எல்லோர் முன்னும் சொன்னால் அடுத்த முறை அந்தப் பிள்ளை பொறுப்பேற்க முன்வராது.

ஒருங்கிணைப்பாளர்

இருவருக்கும் நன்றி. அணிகளுக்கிடையே மதிப்பெண் வைத்துப் போட்டி நடத்தினால் ஆர்வம் கூடுமா? மேலும், எந்த அளவுக்கு முடிவுகளை அவர்களிடம் விடுவது?

பதில் 3: இளையோர் பணியாளர்

போட்டி ஆர்வத்தைக் கூட்டும், கூடவே பகையையும் கூட்டும். சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் 1954இல் ஒரு கோடை முகாமில் பதினொரு வயதையொட்டிய சிறுவர்களை இரு குழுக்களாக்கிப் போட்டியிட வைத்தபோது அது விரைவிலேயே சண்டையாக மாறியது. இரு குழுக்களும் சேர்ந்தால்தான் முடியும் என்ற பொதுவான வேலைகள் வந்த பின்னரே அது தணிந்தது. எனவே இரண்டு அணிகள் இணைந்தால் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிடுங்கள். அணித்தலைவர்கள் ஒருவரோடொருவர் பேசி விட்டுக்கொடுக்கும் இடம் அது. மேடைப்பேச்சில் அந்தப் பழக்கம் வராது.

முடிவுகளைப் பொறுத்தவரை, யூனிசெஃபுக்காக ரோஜர் ஹார்ட் 1992இல் எழுதிய கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ் மூன்று படிகளில் உள்ளவை, அதாவது பெரியவர்கள் தம் நோக்கத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயரளவுக்குக் கருத்துக் கேட்பது ஆகியவை, பங்கேற்பே அல்ல என்றார். இளையோர் நிகழ்ச்சிகளில் வரவேற்புரை வாசிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த உரையை எழுதியவர் பெரும்பாலும் வேறொருவர்.

பாதுகாப்பு, பெற்றோரின் ஒப்புதல், செலவின் உச்ச வரம்பு ஆகியவை உங்களிடமே இருக்கட்டும். அந்த வரம்புக்குள் எதை வாங்குவது, யாரை அழைப்பது, எந்த வரிசையில் நடத்துவது என்பதெல்லாம் அவர்களுடையது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். அறிவித்த பின், அவர்கள் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் திருத்தாதீர்கள். ஒரு முறை திருத்திவிட்டால், அடுத்த கூட்டத்தில் எல்லாக் கண்களும் மீண்டும் உங்களையே பார்க்கும்.