சரியை, கிரியை, யோகம், ஞானம்: ஒன்றை விட்டால்தான் அடுத்ததா?

கெடிலக்கரை:
வணக்கம். எனக்குத் திருப்பாதிரிப்புலியூர். ஞாயிறுகளில் உழவாரப் பணிக்குப் போவேன். பிரகாரத்துக் கல் இடுக்கில் புல் பிடுங்குவது, விளக்கு மாடத்தில் கறுப்பாக அப்பிக் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது, இதுதான் வேலை. வீட்டில் விளக்கேற்றி ஐந்தெழுத்து சொல்வதோடு சரி. புதுச்சேரியில் தியான வகுப்புக்குப் போகும் நண்பன், "நீ சரியையிலேயே நின்றுவிட்டாய், யோகத்துக்கு வா, ஞானம்தான் முடிவு" என்கிறான். சைவம் சொல்லும் நான்கு நெறிகள் இவை: சரியை உடலால் செய்யும் கோயில் தொண்டு, கிரியை பூசை, யோகம் மனத்தை ஒடுக்கித் தியானிப்பது, ஞானம் மெய்யறிவு. இதை விட்டால்தான் அது வருமா? வினை, அருள் இதெல்லாம் எங்கே சேர்கிறது?

நீறணிந்தவன்:
நண்பரிடம் அப்பரைக் காட்டுங்கள். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அவர் கரையேறியது உங்கள் ஊரில்தானே, கரையேறவிட்டகுப்பம் என்று பெயரே இருக்கிறது. அவருக்குச் சொல்லப்படும் நெறி சரியை, அதாவது தாச மார்க்கம் என்னும் தொண்டன் வழி. புல் செதுக்கும் உழவாரக் கருவியைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்ன, பருக்கைக் கல்லோடு சேர்த்து அதையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். பொன்னும் கல்லும் ஒன்றாகத் தெரிகிற அந்தக் கண் ஞானம் இல்லாமல் வேறென்ன? வினை சேரும் இடமும் இதுதான். நல்வினைப் பயன், தீவினைப் பயன் இரண்டையும் ஒன்றுபோல் எடுத்துக்கொள்ளும் நிலையை இருவினையொப்பு என்பார்கள். அது வந்தால் மலபரிபாகம், அதாவது உயிரை மறைக்கும் ஆணவ மலம் நீங்கும் பக்குவம், அப்புறம் சத்தினிபாதம், அதாவது அருள் பதிவது.

பழைய_மாணவன்:
சரி ஐயா, ஆனால் வரிசையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சரியைக்குப் பயன் சாலோகம் (இறைவன் உலகில் இருப்பது), கிரியைக்குச் சாமீபம் (அவன் அருகில் இருப்பது), யோகத்துக்குச் சாரூபம் (அவன் உருவைப் பெறுவது). இந்த மூன்றும் பதமுத்திதான், அதாவது முடிவான வீடுபேறு அல்ல; இறைவனோடு ஒன்றும் சாயுச்சியம் ஞானத்துக்கே என்றுதான் சைவ சித்தாந்தம் சொல்கிறது. தாயுமானவர் இந்த நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்றார். கனி வேண்டும் என்று யாரும் அரும்பைக் கிள்ளிப் போடுவதில்லை, அதனால் கெடிலக்கரை எதையும் விட வேண்டாம். நண்பருக்கும் ஒரு கேள்வி: யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொன்ன எட்டு அங்கத்தில் தியானம் ஏழாவது, இயமமும் (தீயவற்றை விலக்குவது) நியமமும் (நல்லொழுக்கங்களைக் கடைப்பிடிப்பது) தான் முதலிரண்டு, நியமத்துக்குள்ளேயே ஈசுவரனிடம் ஒப்படைப்பதும் இருக்கிறது. அதையெல்லாம் தாண்டி நேராக ஏழாவதில் போய் உட்கார்ந்துவிட்டாரா?

குறிஞ்சிப்பாடிக்காரன்:
எல்லாரும் சரியை, ஞானம் என்றே பேசுகிறீர்கள், பசித்தவன் கணக்கில் வரவே இல்லை. வள்ளலார் வடலூரில் பசித்தவருக்குச் சோறிடும் தருமச்சாலையைத் தொடங்கியது 1867-இல், ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை 1872-இல்தான். முதலில் அடுப்பு, அப்புறம் ஜோதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சீவகாருண்யம், அதாவது உயிர்களிடம் இரக்கம், இல்லாத தியானத்தை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை, என் கட்சியும் அதுதான். சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரை, கறுப்பில் ஆரம்பித்து கடைசியில் கலப்பு நிறம், நம் அறிவை மறைக்கிறவற்றைத்தான் குறிக்கின்றன. மாதப் பூசத்தன்று ஆறு திரை நீக்குவார்கள், ஏழும் விலகுவது தைப்பூசத்துக்கு மட்டும். ஒரு பூசத்துக்கு நண்பரையும் கூட்டி வாருங்கள், கடலூரிலிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் பேருந்து. தருமச்சாலையில் சாப்பிடாமல் போகாதீர்கள்.