மாமாவின் எலிக்காய்ச்சல் குளிசை

மாமா: தங்கச்சி, வயலுக்கு இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தருகிற டொக்சிசைக்கிளின் குளிசை, சிசோபிரினியா என்கிற மனச்சிதைவு நோயையும் தடுக்குமாம். செய்தியில் பார்த்தேன். என்னிடம் ஒரு அட்டை மிச்சம் கிடக்கிறது. நாளைக்குத் தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடட்டுமா?

சின்னம்மா: உண்மையாகவா அண்ணா? கட்டாயம் கொடுத்துவிடுங்கள்.

அக்கா: பொறுங்கள் மாமா. செய்தி பொய்யில்லை, 2025இல் வந்த ஆய்வுதான். எடின்பரோ பல்கலைக்கழகத்தார் பின்லாந்தின் மருத்துவப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். மனநல சிகிச்சைக்கு வந்த பதின்வயதுப் பிள்ளைகளில் டொக்சிசைக்கிளின் குடித்தவர்களுக்கு, வேறு அன்டிபயோட்டிக் குடித்தவர்களை விடப் பிற்காலத்தில் இந்த நோய் வந்தது 30 முதல் 35 வீதம் குறைவு. மூளையில் அழற்சியை அது தணிக்கிறது போலும் என்கிறார்கள்.

மாமா: பிறகென்ன பிள்ளை? விலையும் மலிவு.

அக்கா: பழைய பதிவேட்டில் பார்த்த கணக்கு மாமா. சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் சோதித்துப் பார்த்ததில்லை. அப்படிச் சோதித்தாலும் சிறிய ஆய்வை மட்டும் நம்ப முடியாது, மீன் எண்ணெயின் ஒமேகா-3ஐப் பாருங்கள். வியன்னாவில் 81 பேரிடம் இந்த நோயைத் தடுக்க நன்றாக வேலை செய்தது என்று 2010இல் சந்தோஷப்பட்டார்கள். 304 பேரிடம் பார்த்தபோது, 2017இல் வித்தியாசமே இல்லை என்று முடிவு வந்தது.

சின்னம்மா: அப்போ பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாதா?

அக்கா: பெரியவனுக்கு வேண்டாம் சின்னம்மா, அவனுக்கு ஏற்கெனவே இந்த நோய் இருக்கிறதே. இதே இனத்து மினோசைக்கிளினை நோய் தொடங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தும் பலனில்லை. இந்த நோய்க்கு அவன் குடிக்கிற குளோசபின் மருந்தும் இரத்தப் பரிசோதனையும் ஒருநாளும் தவறக்கூடாது.

சின்னம்மா: நான் கேட்டது சின்னவனை நினைத்துத்தான் பிள்ளை. இரண்டு கிழமையாக இரவில் தூங்குவதில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொள்கிறான். அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

அக்கா: இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை? பயப்படாதீர்கள். அண்ணனுக்கு இருந்தாலும் தம்பிக்கு வரவேண்டும் என்றில்லை, பெரும்பாலும் வருவதில்லை. பரீட்சைப் பயமாகவும் இருக்கலாம். ஆனால் நாங்களாக ஊகிக்க வேண்டாம். வியாழக்கிழமை பெரியவனோடு அவனையும் கிளினிக்குக் கூட்டி வாருங்கள், டொக்டரிடம் நான் பேசுகிறேன். அதற்குள் ஏதும் என்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள், எந்த நேரமும் பேசலாம்.

சின்னம்மா: கிளினிக் என்றால் வரமாட்டான்.

நான்: நான் உவர்மலைக்கு வருகிறேன் சின்னம்மா. இன்று பின்னேரம் அவனோடு கடற்கரைக்குப் போய்க் கதைத்துப் பார்க்கிறேன். என்னோடு என்றால் வருவான்.

சின்னம்மா: வா தம்பி. சாப்பாடு இங்கேதான்.

அக்கா: மாமா, அட்டை மிச்சம் என்றால் நீங்கள் குடிக்கவில்லை. இந்தக் கிழமைக் குளிசையை இன்றைக்கே குடியுங்கள். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. குடித்த உடனே படுக்க வேண்டாம்.

மாமா: ஓம் பிள்ளை. வியாழக்கிழமை நானும் வருகிறேன்.