பச்சைப் பிள்ளைக்கு வயித்துல காத்து: மலையில இருக்கிறவங்க அனுபவம்

கோத்தகிரி, ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

பால் குடிச்சதும் பிள்ளை காலை மடக்கி முக்கி அழுதா, "அம்மாக்காரி என்ன தின்னா?"ன்னுதான் வீட்டுல முதல்ல கேட்பாங்க. நான் பார்க்கிறது பிள்ளையோட வாயை. காம்பை மட்டும் கவ்விட்டிருந்தா ஓரத்துல காத்து உள்ள போயிட்டே இருக்கும். குடிக்கும்போது "டொக் டொக்"னு நாக்கு சத்தம் வந்தாலும் கன்னம் குழிஞ்சாலும் பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரத்துல விட்டு விடுவிச்சு, மறுபடி போடணும். மேலுதட்டுல காம்பைத் தொடவிட்டு, வாய் கொட்டாவி மாதிரி திறக்கிற வரைக்கும் காத்திருங்க. தாடை மார்புல ஒட்டி, கீழுதடு வெளிய மடிஞ்சு, காம்பைச் சுத்தின கருவட்டம் கீழ மறைஞ்சு மேல கொஞ்சம் தெரியணும். எத்தனை தடவை போட்டாலும் சத்தம் நிக்கலைன்னா நாக்குக்கு அடியில சவ்வு இழுத்துப் பிடிச்சிருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஏப்பம் எடுக்கத் தோள்ல போடும்போது பிள்ளையோட வயிறு தோள் மேட்டுல படணும், முகம் பக்கவாட்டுல இருக்கணும். மடியில உட்கார வெச்சா கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாடை எலும்பைத் தாங்கணும், தொண்டையை அழுத்தக் கூடாது. உடம்பு கொஞ்சம் முன்னால சாயட்டும். பின்னால சாஞ்சா வயித்து வாயைப் பால் அடைச்சுக்கும், ஏப்பத்தோட பாலும் கக்கிடும். ஓங்கித் தட்ட வேண்டாம், இடுப்புல இருந்து மேல தடவினாலே போதும். 5 நிமிஷத்துல வரலைன்னா விட்டுடுங்க. நல்லாப் பிடிச்சுக் குடிக்கிற பிள்ளைக்குப் பல நேரம் ஏப்பமே இருக்காது.

குன்னூர், தாய்ப்பால் ஆலோசனை தர்றவங்க:

சிஸ்டர் சொன்னதோட இன்னொண்ணு. சில அம்மாக்களுக்குப் பால் சீறிட்டு வரும். பிள்ளை திணறி, இருமி, காம்பை விட்டு விட்டுப் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் காத்தையும் சேர்த்து விழுங்கும். முதல் பாய்ச்சலை ஒரு துணியில விட்டுட்டு அப்புறம் போடுங்க. இல்லைன்னா தலையணையில நல்லா சாஞ்சு, பிள்ளையை மார்பு மேல குப்புறப் போட்டுக் குடுங்க, வேகம் தானா குறையும்.

மலம் பச்சையா நுரையா, வெடிச்சு வெளியேறுதுன்னா, ஒரு பக்கம் முழுசாக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மறுபக்கம் மாத்துறீங்களான்னு கவனிங்க. முதல்ல வர்ற முன்பால்ல கொழுப்பு குறைவு. அது மட்டும் அதிகமாப் போனா குடல் வழியா வேகமா ஓடும், செரிக்காத பால் சர்க்கரை பெருங்குடல்ல புளிச்சுக் காத்தாகும். பிள்ளை தானா விடுற வரைக்கும் ஒரே பக்கம் குடுங்க.

கீழ் வயித்துல இறங்கின காத்துக்கு ஏப்பம் உதவாது. குடிச்சு அரை மணிக்கு மேல ஆனதும், முழங்கால் ரெண்டையும் வயித்தோட மடக்கி 5 எண்ணிட்டு விடுங்க. அஞ்சாறு தடவை செய்யலாம். பிறகு சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஒவ்வொரு காலா. வயித்தைத் தடவுறதுக்கும் வழி உண்டு: பிள்ளையோட வலது கீழ்ப்பக்கத்துல ஆரம்பிச்சு மேல ஏறி, விலாவுக்குக் கீழ குறுக்கே போய், இடது பக்கம் இறங்கணும். பெருங்குடல் போற பாதையே அது. எதிர்த்திசையில தடவிட்டுப் பலன் இல்லைன்னு சொல்றவங்க நிறைய.

தடவ எடுக்கிற தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழ உறையும், நம்ம ஊர்ல பெரும்பாலான நாள் கட்டிதான். பாட்டிலை வெந்நீர்ல நிறுத்துங்க, அடுப்புல காட்ட வேண்டாம். குளிருக்குன்னு காலை நீட்டி இறுக்கிச் சுத்துற பழக்கம் இங்க அதிகம். காலை மடக்க முடியாத பிள்ளை காத்தை எப்படி வெளியேத்தும்? இடுப்புக்குக் கீழ தளர்வா விடுங்க, அதுவே இடுப்பு மூட்டுக்கும் நல்லது.

ஊட்டி:

தைலத்தைப் பத்தி யாராவது சொல்லியே ஆகணும். வீட்டுக்கு வீடு நீலகிரித் தைலம் இருக்கு, பிள்ளை அழுதா தொப்புளைச் சுத்தித் தடவுறாங்க. வேண்டவே வேண்டாம். வயித்துக் காத்துக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்லை. குழந்தையோட மூக்குக்குப் பக்கத்துல போனா மூச்சுத் திணறும், கொஞ்சம் வாய்க்குள்ள போனாலும் வலிப்பு வரலாம். கற்பூரம் கலந்த எண்ணெயும் அப்படித்தான்.

அடுத்தது கங்குச் சட்டி. எண்ணெய் தேய்க்க அறை சூடாகணும்னு கதவைச் சாத்திட்டுக் கரி மூட்டாதீங்க, கரியில இருந்து வர்றது நாத்தமே இல்லாத நச்சு வாயு. பிள்ளையை வெறும் மார்போட அணைச்சு மேல கம்பளி போர்த்திக்கிட்டா அந்தச் சூடு போதும், அழுகையும் அதுலயே பாதி அடங்கும்.

கொடைக்கானல்:

உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் விளையிற ஊர்ல இருந்துக்கிட்டு, பிள்ளை பெத்தவளுக்கு அதையே பத்தியம்னு நிறுத்துறாங்க. அம்மா குடல்ல இருக்கிற காத்து ரத்தத்துல கலந்து பாலுக்கு வராது. மலைப்பூண்டோட வாசம் பால்ல இறங்கும், அவ்வளவுதான். மலத்துல ரத்தமோ சளியோ தெரிஞ்சா மட்டும் உடனே டாக்டர்கிட்ட காட்டி, அம்மா குடிக்கிற பசும்பால் பிள்ளைக்கு ஒவ்வாமையான்னு கேட்கணும்.

மலைப்பாதை விஷயம் தனி. வத்தலக்குண்டுல இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு வர்றோம். காத்தழுத்தம் குறையும்போது வயித்துக்குள்ள இருக்கிற காத்து கிட்டத்தட்ட கால் பங்கு விரியும். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி ஏறினாலும் இதே கணக்கு. கிளம்புறதுக்கு முன்னாடியே பால் குடுத்து ஏப்பம் எடுத்துடுங்க. வழியில அழுதா வண்டியை ஓரமா நிறுத்தி, வெளிய தூக்கி நிமிர்த்திப் பிடிங்க. வளைவுல ஓடுற வண்டியில பால் குடுக்க வேண்டாம், புரையேறும்.

குன்னூர்:

சிஸ்டர், கிரைப் வாட்டர், உரை மருந்து, வெற்றிலைக் காம்பு பத்தியும் சொல்லிடுங்க. பாட்டிமார்கிட்ட இருந்து தினமும் வர்ற கேள்வி.

கோத்தகிரி, செவிலியர்:

6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்ம்மா. கிரைப் வாட்டர், ஓமத் தண்ணி, சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம். தேன் 1 வயசு வரைக்கும் கூடாது. வசம்பு, பெருங்காயம் உரசி நாக்குல தடவுறதை நிறுத்துங்க, அளவு யாருக்கும் தெரியாது. காத்துக்குன்னு தர்ற சிமெதிகோன் சொட்டு டாக்டர் எழுதினா குடுக்கலாம், ஆனா அழுகை பெருசா குறையும்னு எதிர்பார்க்காதீங்க.

வெற்றிலைக் காம்புல விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாய்ல விடுறது புண்ணாக்கிடும். முகம் சிவக்க 10 நிமிஷம் முக்கி அழுதுட்டு மலம் இளக்கமாப் போச்சுன்னா அது மலச்சிக்கல் இல்லை. வயித்தை அழுத்தும்போதே கீழே தளர்த்தத் தெரியாத வயசு, சில வாரத்துல பழகிடும். சாயங்கால அழுகையும் 6 வாரத்துல உச்சத்துக்குப் போய் 3, 4 மாசத்துல தணியும்.

ஆனா பச்சையா வாந்தி, வயிறு கல்லு மாதிரி உப்பல், மலத்துல ரத்தம், தொடையிடுக்குல வீக்கம், பால் பிடிக்காம துவண்டு கிடக்கிறது, 3 மாசத்துக்குள்ள 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதுக்கு மேலயோ காய்ச்சல், வயிறும் நெஞ்சும் ஜில்லுன்னு இருக்கிறது, இதுல எது இருந்தாலும் தடவிட்டு உட்காராதீங்க. எஸ்டேட் லைன்ல இருந்து ஆஸ்பத்திரி வர நேரமாகும், மேகம் இறங்கிட்டா இன்னும் ஆகும். உடனே 108-ஐக் கூப்பிடுங்க. பிள்ளை பச்சையா வாந்தி எடுத்துட்டே இருந்தா, டாக்டர் பார்க்கிற வரைக்கும் வாய்ல எதையும் ஊத்த வேண்டாம்.