பேரியா, எமிட்டா? 18,355-னு சொன்னா பேச்சு முடிஞ்சிடுமா?

நீலச்சிங்கம்_20:
வேற ஒரு திரியில ஒருத்தர், "என்.எஃப்.எல்.ல அதிகம் ஓடின ரன்னிங் பேக் எமிட் ஸ்மித், 18,355 யார்டு. அப்புறம் என்ன பேச்சு?"ன்னு எழுதிட்டுப் போயிட்டார். அதான் தனித் திரி. என்.எஃப்.எல்.னா அமெரிக்கக் கால்பந்து லீக். ரன்னிங் பேக்னா பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடுறவர், எத்தனை யார்டு முன்னேறினார்ங்கிறதுதான் கணக்கு. எமிட் ஆடினது 15 சீசன். எங்க டெட்ராய்ட் லயன்ஸ் பேரி சாண்டர்ஸ் ஆடினது 10, அதுலயே 15,269. ஒரு ஓட்டத்துக்குச் சராசரி பேரிக்கு 5.0, எமிட்டுக்கு 4.2. 1999 ஜூலையில சொந்த ஊர் விச்சிட்டா பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிட்டு மனுஷன் கிளம்பிட்டார். அன்னைக்குச் சாதனை சிக்காகோ வால்டர் பேட்டனோட 16,726. பாக்கி இருந்தது 1,457. அதுக்கு முந்தின சீசன்ல பேரி ஓடினதே 1,491. நிதானமா கணக்குப் போடுங்க.

டல்லஸ்_22:
அந்த வரியை எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம். "ஓடியிருப்பார்", "தாண்டியிருப்பார்" எல்லாம் சாதனைப் புத்தகத்துல ஏறாது தலைவா. டச் டவுன் (பந்தோட கோல் கோட்டைத் தாண்டுறது) கணக்கை ஏன் விட்டுட்டீங்க? எமிட் தரையில ஓடி எடுத்தது 164, பேரி 99. கோல் கோட்டுக்கிட்ட வந்ததும் லயன்ஸே பேரியை வெளிய உக்கார வச்சிட்டு வேற ஆளை இறக்கின காலம் உண்டு. ஏன்? ஒரு யார்டு வேணும்னா அந்த ஒரு யார்டைத்தான் எடுக்கணும். இவர் அஞ்சு யார்டு பின்னாடி போய் வட்டம் போட்டுட்டு வருவார்.

நீலச்சிங்கம்_20:
வட்டம் போடாம என்ன செய்வார்? பந்து கைக்கு வர்றதுக்குள்ள எதிராளி ரெண்டு பேர் உள்ள நிப்பாங்க. டல்லஸ்ல உங்காள் எமிட்டுக்கு முன்னாடி டேரில் ஜான்ஸ்டன்னு ஒரு ஃபுல்பேக், அதுக்கு முன்னாடி டல்லஸோட பெருஞ்சுவர்னே பேர் வாங்கின லைன், அதாவது எதிராளியைத் தடுக்கிற முன்வரிசை. பேரி வந்த புதுசுல லயன்ஸ் பாஸ் பிடிக்கிற நாலு ரிசீவரைப் பரப்பி விட்டு ஆடினாங்க. பின்னாடி இவர் மட்டும் தனியா.

புதுசா_வந்தவன்:
அண்ணே, ஃபுல்பேக்னா யாரு? கபடி மட்டும்தான் தெரியும், திட்டாதீங்க.

டல்லஸ்_22:
முன்னாடி ஓடிப் போய் மோதி வழி விடுறவர் தம்பி. இடி அவருக்கு, யார்டு பின்னாடி வர்றவருக்கு. கபடியில அப்படி ஒரு ஆள் கிடையாது, பாடிப் போறவன் தனியாதான் போகணும்.

நீலச்சிங்கம்_20:
ஆங், நீங்களே சொல்லிட்டீங்க. பேரி பாடிப் போனவர். எமிட் படையோட போனவர்.

டல்லஸ்_22:
சரி, படைக்கதைக்கே வர்றேன். 1993ல சம்பளத் தகராறுல எமிட் முதல் ரெண்டு ஆட்டம் வரலை. அதே லைன், அதே ஜான்ஸ்டன், பாஸ் எறியுற அதே ட்ராய் எய்க்மேன். முந்தின சீசன் சூப்பர் பௌல் (லீக்கோட இறுதிப் போட்டி) ஜெயிச்ச அணி. ரெண்டுலயும் தோத்தாங்க. எமிட் வந்தார். 14 ஆட்டத்துல 1,486 யார்டு, லீக்லயே அதிகம்.

சீசனோட கடைசி ஆட்டம், 1994 ஜனவரி 2, நியூயார்க் ஜயன்ட்ஸோட மைதானம். ரெண்டு அணியும் 11 வெற்றி, 4 தோல்வி, ஜெயிக்கிறவங்களுக்குப் பிரிவுப் பட்டம். முதல் பாதி முடியப் போற நேரம் எமிட்டுக்குத் தோள் மூட்டு விலகுது. வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் திரும்ப வந்து, கூடுதல் நேரம் வரைக்கும் ஆடினார். மொத்தம் 32 ஓட்டம், 168 யார்டு. அந்தத் தோளை வச்சுக்கிட்டு 10 பாஸ் வேற பிடிச்சார். 16-13 ஜெயிச்சோம். அதே மாசம் சூப்பர் பௌல்ல பஃபலோவோட 13-13ன்னு நிக்கும்போது 64 யார்டு போகணும். எட்டு முயற்சியில ஏழு தடவை பந்து எமிட் கையில, அதுலயே 61 யார்டு. என்ன பண்ணப் போறாங்கன்னு பஃபலோவுக்கும் தெரியும், நிறுத்த முடியலை. இதுல டான்ஸ் இல்லைதான். விழும்போதும் முன்னாடி விழுவார், அதுல ரெண்டு யார்டு வரும்.

நீலச்சிங்கம்_20:
தோள் ஆட்டத்துக்குக் கும்பிடு, அதுல சண்டை இல்லை. ஆனா அந்த முதல் ரெண்டு ஆட்டத்துல அவர் இடத்துல ஓடினது அப்பதான் கல்லூரி முடிச்சு வந்த பையன். பேரியை அங்க நிறுத்தியிருந்தா தோத்திருப்பீங்களா? 1997ல முதல் ரெண்டு ஆட்டத்துல பேரி எடுத்தது மொத்தமே 53. அடுத்த 14 ஆட்டத்துலயும் விடாம நூறுக்கு மேல. சீசன் முடிவுல 2,053.

ரொறன்ரோ_34:
நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். பேட்டனை வெறும் நம்பரா வச்சிட்டுக் கடந்து போறியள். 13 சீசன்ல தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். 1977ல காய்ச்சலோட வந்து மினசோட்டாவுக்கு எதிரா 275 யார்டு. கோட்டுக்கு வெளியில காலை வச்சுத் தப்புற பழக்கமே இல்லை, பிடிக்க வாறவனைத் தானே போய் இடிப்பார். சூப்பர் பௌல்ல சிக்காகோ 46 புள்ளி எடுத்துது, ஒரு டச் டவுன்கூட இவருக்குக் குடுக்கேல்ல. கோல் கோட்டில பந்தை ஒரு டிஃபென்ஸ்காரரிட்டக் குடுத்தவை. எனக்கு இண்டைக்கும் ஆறேல்ல.

டல்லஸ்_22:
பேட்டனைப் பத்தித் தப்பா பேச இங்க யாரும் இல்லை ஐயா. ஆனா பேட்டன் காயத்தோட ஆடினா வீரம், எமிட் ஆடினா லைன் நல்லாருந்துச்சுன்னு ஒரு நியாயம் ஓடுது பாருங்க, அதைத்தான் கேக்குறேன். இன்னொண்ணு. 1994 கடைசி நாள், கிரீன் பே, பிளேஆஃப் (தோத்தா வெளியேறுற சுற்று). பேரி 13 ஓட்டம், மொத்தம் மைனஸ் ஒண்ணு. லயன்ஸ் தோத்தது 16-12. நாலு புள்ளி!

நீலச்சிங்கம்_20:
அந்த மைனஸ் ஒண்ணு எனக்கும் வலிக்கும். பதிலுக்கு 1992 ஜனவரியை எடுங்க. பிளேஆஃப், எங்க ஊர் சில்வர்டோம், எதிரணி உங்க டல்லஸ். பேரி நடுவுல போறார், உங்க ஆளுங்க மொய்ச்சுக்கிட்டாங்க, ஆளே தெரியலை. அவ்வளவுதான்னு நினைக்கும்போது கும்பலுக்குள்ள இருந்து ஒரு சுத்து சுத்தி வெளிய வர்றார், 47 யார்டு, டச் டவுன். வழக்கம்போல பந்தை நடுவர் கையில கொடுத்துட்டு நடந்தார். 38-6. 1989ல இன்னும் 11 யார்டு ஓடினா லீக்லயே முதலிடம், திரும்ப இறங்குறியான்னு கோச் கேட்டும் வேண்டாம்னு உக்காந்துட்டார். அவர்கிட்ட நம்பரைக் காட்டினா சிரிப்பார்.

டல்லஸ்_22:
அந்த 38-6 உங்க எரிக் கிராமர் பாஸ் எறிஞ்சு ஜெயிச்சது, 341 யார்டு. பேரிக்கு அன்னைக்கு 12 ஓட்டத்துல 69. அந்த 47-ஐக் கழிச்சா 11 ஓட்டத்துக்கு 22.

புதுசா_வந்தவன்:
இப்பதான் அந்த ஓட்டத்தைத் தேடிப் பார்த்தேன். மூணு தடவை பார்த்தும் எப்படி வெளிய வந்தார்னு புரியலை.

நீலச்சிங்கம்_20:
தம்பி நம்ம பக்கம் வந்தாச்சு. அந்த 22-ஐ யாராவது தேடிப் பார்ப்பாங்களா?

டல்லஸ்_22:
தேட வேண்டாம், நான் ஞாபகம் வச்சிருக்கேன்.