கணினி திறக்கவே ஏழெட்டு நிமிடம் ஆகிறது: ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

கேள்வி

வணக்கம். மனுக்கள், ஒப்பந்தப் பத்திரங்கள், பள்ளி வினாத்தாள்கள் ஆகியவற்றை வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து கொடுத்து வருகிறேன். அதற்குப் பயன்படும் மேசைக் கணினி 2014ஆம் ஆண்டு கடையில் பாகங்களைச் சேர்த்து அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ3 4150 செயலி, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஆகியவை அதில் உள்ளன. முதலில் விண்டோஸ் 7 இருந்தது. பின்னர் விண்டோஸ் 10 நிறுவிக் கொடுத்தார்கள்.

சில வாரங்களாக, மின்பொத்தானை அழுத்தியதிலிருந்து திரை பயன்பாட்டுக்கு வருவதற்கு ஏழெட்டு நிமிடங்கள் ஆகின்றன. திரை வந்த பிறகும் சுட்டி நகர்கிறதே தவிர, எதைச் சொடுக்கினாலும் நெடுநேரம் பதில் இல்லை. பழைய வாடிக்கையாளர்களின் கோப்புகள் இருக்கும் ஒரு கோப்புறையைத் திறந்தால் கணினி முழுவதுமே நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்துத் தானாகவே தொடர்கிறது. தற்காலிகக் கோப்புகளை அழித்து, சி டிரைவில் 60 ஜிபிக்கு மேல் இடம் ஒதுக்கி, வைரஸ் சோதனையும் செய்து முடித்துவிட்டேன். மாற்றம் ஏதும் இல்லை.

கடைக்காரர் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். என் வேலைக் கோப்புகள் அனைத்தும் டி டிரைவில் இருப்பதால் அவற்றுக்கு எந்தப் பாதிப்பும் வராது என்றும் சொல்கிறார். ஃபார்மட் செய்துவிடலாமா, ரேமை அதிகரிக்க வேண்டுமா, அல்லது வேறு ஏதேனும் காரணம் இருக்குமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

4 ஜிபி ரேம் இன்றைய உலாவிகளுக்குப் போதாது. தங்கள் போர்டில் இரண்டு ரேம் இடங்கள் இருக்கும். டிடிஆர்3 வகையில் இன்னொரு 4 ஜிபி சேர்த்தால் வேகம் கூடும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்ற நிரல்களை நிறுத்தி வையுங்கள். மேலும், விண்டோஸ் 10இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் அமைப்பின் உட்பகுதி முழுமையாக மூடப்படாமல் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அதில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

பதில் 2

அம்மா, நான் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். ரேம் பற்றி மேலே சொல்லப்பட்டது தவறில்லை என்றாலும், தாங்கள் எழுதியதில் ஒரு விவரம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. எல்லாக் கோப்புறைகளும் மெதுவாகத் திறந்தால் அது வேறு விஷயம்; குறிப்பிட்ட ஒரு கோப்புறையைத் திறக்கும்போது மட்டும் கணினி முழுவதும் நின்று, பிறகு தானாகத் தொடர்கிறது என்றால் ஹார்டு டிஸ்க்கின் அந்தப் பகுதி படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே இதைச் சோதித்து அறியும் வரை ஃபார்மட் வேண்டாம். அதைவிட முக்கியமாக, செக்டிஸ்க் (டிஸ்க் பிழைச் சோதனை), டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்துவது), முழு வைரஸ் சோதனை ஆகிய எதையும் ஓட்ட வேண்டாம். இவை டிஸ்க்கின் பெரும்பகுதியைத் தொட்டுப் படிப்பவை. சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை அந்த உழைப்பே முடித்துவிடக்கூடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைப் பாருங்கள். அங்கே ஆக்டிவ் டைம் 100 சதவீதமாக இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. ரேம் போதாதபோதும் விண்டோஸ் டிஸ்க்கையே நினைவகமாகப் பயன்படுத்துவதால் அது 100ஐத் தொடும். ஆனால் அப்போது மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கும். மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, படிக்கும் வேகமோ நொடிக்கு 1 எம்பிகூட இல்லை என்றால் பழுது டிஸ்க்கில்தான். அதன் அருகிலேயே சராசரிப் பதில் நேரமும் மில்லிசெகண்டில் இருக்கும். நலமாக உள்ள ஹார்டு டிஸ்க்குக்கு அது பெரும்பாலும் சில பத்துகளுக்குள் இருக்கும். ஆயிரக்கணக்கில் ஏறினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அடுத்து, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளின் கடைசி எண்களை எழுதி அனுப்புங்கள். முடிந்தால் ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஆகியவற்றின் கீழுள்ள டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் பதிவேட்டில் 100ஆம் எண் நிகழ்வையும் பாருங்கள். கணினி திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தை விண்டோஸே அதில் குறித்து வைக்கிறது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மெமரி 62 சதவீதம் காட்டுகிறது. டிஸ்க் 100 சதவீதம், வேகம் 0.8 எம்பி, பதில் நேரம் 2,000க்கும் 4,000க்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 05இல் 10, சி5இலும் சி6இலும் 58, சி7இல் பூஜ்யம். 100ஆம் நிகழ்வில் 4,38,000 மில்லிசெகண்டு என்று இருக்கிறது.

பதில் 2

அம்மா, அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமான முறையில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்டு எண்ணுவது) காட்டும் என்பதால் 58 என்பது 88ஐக் குறிக்கிறது. 10 என்பது 16. அதாவது 16 இடங்கள் ஏற்கெனவே கெட்டுப்போய், அவற்றுக்குப் பதிலாக டிஸ்க் தன் உபரி இடங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. இன்னும் 88 இடங்களைப் படிக்க முடியாமல் தவிக்கிறது. சி7 பூஜ்யமாக இருப்பதால் கேபிள் மேல் பழி போட வழியில்லை. படிக்க முடியாத இடத்துக்கு வரும்போது டிஸ்க் உடனே கைவிடாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. அது முடியும் வரை விண்டோஸ் காத்திருக்கிறது. தங்கள் கணினி திறக்க ஆகும் ஏழு நிமிடங்களில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பாகவே இருக்க வேண்டும்.

சி, டி என்பவை தனித்தனி டிஸ்க்குகள் அல்ல. ஒரே தட்டின் மேல் போட்ட இரண்டு பிரிவுகள். சி டிரைவை ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் நிறுவினால், கெட்ட இடங்களைத் தவிர்த்து எழுதப்படுவதால் சில வாரங்கள் வேகமாகவே தோன்றும். அந்த நிம்மதியில் டி டிரைவை நகலெடுக்காமல் விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நாள் டிஸ்க் மொத்தமாக நின்றுவிடும். இதனால் கோப்புகளை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனி அந்த டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் திறக்காமல் இருப்பது நல்லது, ஏனெனில் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுகின்றன. வேறொரு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து இந்தக் கணினியைத் திறந்து, கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கட் செய்து ஒட்டாதீர்கள். காப்பி மட்டுமே செய்யுங்கள். மறுபடி உருவாக்க முடியாதவற்றை முதலில் எடுங்கள். கணினியை நிறுத்தும் அந்தக் கோப்புறையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கோப்பு நகராவிட்டால் அதோடு போராடாமல் அடுத்ததற்குச் செல்லுங்கள். இடையில் டிஸ்க்கிலிருந்து ஒரே சீராக டக் டக் என்று ஒலி வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு செய்பவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

பதில் 3

சகோதரி, நானும் தட்டச்சுத் தொழிலில் இருப்பதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். தங்கள் பழைய கோப்புகள் யுனிகோடில் இல்லாமல் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால், கோப்புகளை மட்டும் காப்பாற்றுவது பாதி வேலைதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருப்பவையும் சி டிரைவில்தான் இருக்கின்றன.

புதிய டிஸ்க்காக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) வாங்கினால் போதும். எச்81 போர்டில் நான்கு சாட்டா இணைப்புகளில் இரண்டு மட்டுமே 6 ஜிபிபிஎஸ் வேகம் கொண்டவை, மற்றவை 3. போர்டின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வேகமானதில் மாட்டச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யாதீர்கள். கெட்ட இடங்களில் அது தடைபடும், தடைபடாமல் முடிந்தாலும் சிதைந்த கோப்புகள் கூடவே வரும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் வரிசையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை என்பதால், நான்காம் தலைமுறையான ஐ3 4150 முறைப்படி அதற்குத் தகுதி பெறாது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை விண்டோஸ் 10ஐப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். லினக்ஸிலும் தமிழ்99 விசைப்பலகை உண்டு. ஆனால் வாடிக்கையாளர்களின் பழைய வேர்டு கோப்புகள் பக்க அமைப்பு மாறாமல் திறக்க வேண்டும் என்றால் தற்போதைக்கு விண்டோஸே தங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. என் தம்பி மகன் உதவியுடன் லினக்ஸ் பென்டிரைவில் திறந்து, எழுத்துருக்கள் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டோம். அந்தக் கோப்புறையில் சில வினாத்தாள்கள் மட்டும் வரவில்லை. அவற்றின் அச்சுப் பிரதிகள் பள்ளியில் இருப்பதால் திரும்பத் தட்டச்சு செய்துகொள்வேன். எஸ்எஸ்டி மாட்டிப் புதிதாக விண்டோஸ் நிறுவி, நீட்டிப்புத் திட்டத்திலும் பதிவு செய்தாயிற்று. 100ஆம் நிகழ்வில் இப்போது 26,000 மில்லிசெகண்டுதான் காட்டுகிறது. ரேம் இன்னும் அதே 4 ஜிபிதான். உலாவியில் பல பக்கங்களைத் திறந்தால் மட்டும் சற்றுத் தடுமாறுகிறது, அதையும் அடுத்து வாங்கிவிடுவேன். பழைய டிஸ்க்கைக் கூடுதல் இடமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில் 2

வேண்டாம் அம்மா. அதில் விண்டோஸ் இல்லாவிட்டாலும், கணினி திறக்கும்போது இணைந்துள்ள ஒவ்வொரு டிஸ்க்கும் விசாரிக்கப்படுகிறது. கெட்ட டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்தால் எஸ்எஸ்டியும் சேர்ந்து காத்திருக்கும். கேபிளைக் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். நகலெடுத்த கோப்புகளில் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த சிலவற்றைத் திறந்து சரிபார்க்கும் வரை அதை விட்டுவிடவும் வேண்டாம். பிறகு பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போட்டுவிடாதீர்கள். பிறருடைய ஒப்பந்தங்களும் அடையாள அட்டை நகல்களும் அதில் இருக்கும். மேல் மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் தட்டுகளை ஆணியால் ஆழமாகக் கீறிய பிறகே மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். சில டிஸ்க்குகளில் தட்டு கண்ணாடியால் ஆனது, கீறும்போது சிதறும். ஆகவே கனமான துணியைச் சுற்றிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.