ஸ்டிக்கர் இல்லாத டைட்டேனியம் பைக்: உங்களுக்கு எப்படி மாட்டியது?

விற்றவர் "பழைய அலுமினிய சைக்கிள்" என்றுதான் சொன்னார். பெயிண்ட் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. பென்சில் கரி நிறத்தில் ஒரு ஃபிரேம், மேலே காய்ந்த சேறு. எனக்குச் சந்தேகம் தட்டியது குழாய்களைப் பார்த்துத்தான். அலுமினிய மவுண்டன் பைக் என்றால் பெரும்பாலும் குழாய் தடியாக இருக்கும், வெல்டிங்கும் புடைத்துத் தெரியும். இதில் குழாய் ஒல்லி. வெல்டிங்கில் மண்புழு உடம்பில் இருப்பது போல நெருக்கமான வளையங்கள்.

காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. இதை மட்டும் நம்பி யாரும் குதித்துவிடாதீர்கள். அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. தூக்கிப் பார்த்தும் சொல்ல முடியாது. ஒரு கன சென்டிமீட்டருக்கு டைட்டேனியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7, இரும்பு 7.8 என்பதெல்லாம் சரிதான். ஆனால் சக்கரம், கிராங்க் (பெடல் மாட்டும் கை), சீட் எல்லாம் மாட்டிய பைக்கில் அந்தக் கணக்கு எடுபடாது.

என்னை நம்ப வைத்தது ஒரு கீறல். பூட்டுச் சங்கிலி பல வருடம் உரசிய இடம். இரும்பாக இருந்தால் துரு ஏறியிருக்கும், பெயிண்ட் இல்லாத அலுமினியமாக இருந்தால் வெள்ளை பூத்திருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. வாங்கி வந்ததும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து ஒரே திசையில் தேய்த்தேன். கீறல் பாதி மறைந்து, பக்கத்து உலோகத்தோடு கலந்துவிட்டது.

அப்புறம் கழற்றல். கிராங்கின் உள்பக்கம் உதிரிபாகக் கம்பெனி ஷிமானோவின் இரண்டு எழுத்துக் குறி: கியூ, எஃப். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976 என்று எண்ணிக்கொண்டே வந்தால் கியூ 1992, எஃப் ஜூன். அது கிராங்கின் வயது; ஃபிரேமின் வயதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள். கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைத் திறந்தால் உள்ளே மரையே இல்லை, பேரிங்குகள் அழுத்தி இறக்கப்பட்டிருந்தன. டைட்டேனியம் ஃபிரேம் செய்த மெர்லின் கம்பெனியின் ஆரம்பகால ஃபிரேம்களில் அப்படித்தான். இரவில் டவுன் டியூப் (முன்பக்கத்திலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். எப்போதோ உரித்த ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த இடம் மட்டும் வேறு மினுக்கம். எம், ஈ, ஆர்... அதற்கு மேல் படிக்கவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

1986இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய மெர்லின்! இவ்வளவு நாள் இது அலுமினிய சைக்கிளாக இருந்திருக்கிறது.

சந்தோஷம் இரண்டு நாள். சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் அசையவே இல்லை. டைட்டேனியத்துக்குள் அலுமினிய போஸ்டை கிரீஸ் இல்லாமல் விட்டால் ஈரம் பட்டுப்பட்டு உள்ளேயே அரித்து இறுகிவிடும். கடைசியில் ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்துத்தான் எடுத்தேன். இரண்டு வாரம், ஏழு பிளேடு. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

———

அண்ணா, எனக்கு நேர்மாறு. ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது, பைக்தான் அது இல்லை. 1991 மாடல் என்றார்கள். பின்னால் டிஸ்க் பிரேக் மாட்டும் காது வெல்டிங் செய்திருந்தது. மவுண்டன் பைக்கில் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கே 1996இல்தான் வந்தது, அதற்கு முன் கேன்டிலீவர் என்ற பழைய ரிம் பிரேக் காலம். 1991 ஃபிரேமில் டிஸ்க்குக் காது எங்கிருந்து வரும்? அப்போது எனக்கு இது உறைக்கவில்லை.

அந்தக் காதைச் சுற்றி நீலமும் ஊதாவுமாக அழகாக வேறு இருந்தது. அந்த அழகுதான் வியாதி. சூடான டைட்டேனியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். அதனால்தான் குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஆர்கான் வாயு விட்டு வெல்டிங் செய்கிறார்கள். வெள்ளி நிறம், வெளிர் வைக்கோல் நிறம் என்றால் நல்லது. நீலம் சந்தேகம். சாம்பல் பொடி பூத்திருந்தால் தொடவே வேண்டாம். யாரோ பின்னாளில் ஒட்டவைத்த காது அது. நாலு மாதத்தில் வெல்டிங் ஓரத்திலேயே முடி போல ஒரு விரிசல்.

———

டைட்டேனியம் என்றாலே மெர்லின் என்று நினைக்காதீர்கள் தம்பி. டென்னசியில் லைட்ஸ்பீட் தன் பெயரில் மட்டுமல்ல, வேறு பல கம்பெனிகளின் பெயரிலும் ஃபிரேம் செய்து கொடுத்தது. சோவியத் உடைந்த பிறகு ரஷ்யாவிலிருந்தும் வந்தன. என்னிடம் இருப்பது ராலே டைனாடெக். அதில் வெல்டிங்கே கிடையாது, குழாயைப் பசை போட்டு லக் என்ற மூட்டுத் துண்டில் ஒட்டியிருப்பார்கள். அதை வாங்கும்போது வெல்டிங்கைத் தேடிப் பயனில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், மூட்டில் விரலை வைத்திருங்கள். மெல்லிய 'டிக்' கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். எனக்குக் கேட்டது. ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) சத்தம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வாங்கினேன்!

———

விரிசல் பற்றிப் பேச்சு வந்ததால்: சீட் கிளாம்புக்குக் கீழே, செயின் பக்கம் பாட்டம் பிராக்கெட் மூட்டு, முன்பக்க ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் இடத்தின் அடிப்பகுதி. இந்த மூன்றையும் சேறு துடைக்காமல் பார்க்காதீர்கள். நான் துடைக்காமல் பார்த்தேன்.

———

முதலில் எழுதியவன்தான். நேற்று மூன்றையும் துடைத்துப் பார்த்தேன், சுத்தம். இப்போது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் குழப்பம். 100 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் கைவசம் இருக்கிறது. ஆனால் ஆடாத ஃபோர்க்குக்காகக் கட்டிய ஃபிரேம் போலத் தெரிகிறது. அதை மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹெட் டியூபின் கோணம் சாய்ந்துவிடும். அந்தக் காலத்து ராக்‌ஷாக்ஸ் சஸ்பென்ஷன் ஃபோர்க் ஏறக்குறைய 50 மி.மீ.தான் அமுங்கும். நேரான இரும்பு ஃபோர்க் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். ஃபோர்க்கின் மேலே நீளும் ஸ்டீரர் டியூபை அளந்துவிட்டு வருகிறேன்.