பயிற்சி ஏ.சி.பி.: நர்ஸா, டாக்டரா, என்னதான் சொல்லிக்கொள்வது?

இரவுப்பணி:
இங்கிலாந்து அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். எமர்ஜென்சியில் நர்ஸாக இருந்து, பேண்ட் 7 சம்பள நிலையில் பயிற்சி அட்வான்ஸ்ட் கிளினிக்கல் பிராக்டிஷனர் (ஏ.சி.பி.: டாக்டர் அல்லாதவர் நோயாளியைப் பரிசோதித்து வைத்தியம் முடிவு செய்யும் மேல்நிலைப் பணி) ஆகிறவர்களைப் பற்றிய கேள்வி. பழைய சகாக்கள் "சிஸ்டர், ஒரு டிரிப் போட்டுத் தாங்க" என்கிறார்கள். நோயாளிகள் டாக்டர் என்கிறார்கள். இந்த இரண்டுங்கெட்டான் நிலை இதற்கான எம்.எஸ்சி. படிப்பு முடிந்தால் தானாகச் சரியாகுமா?

வார்டு பிரதர்:
ஆகாது சிஸ்டர். பொறுப்பில் இருக்கும் மூத்த டாக்டரான கன்சல்டன்ட்டிடம் கேஸ் சொல்லும் விதம்தான் முதலில் மாறணும். "பிபி 92/58, பல்ஸ் 118, லாக்டேட் 3.8" என்று ஒப்பித்துவிட்டு நின்றால், முடிவை அவர் தலையில் கட்டுகிறீர்கள். "சிறுநீர்த் தொற்றால் வந்த செப்சிஸ்னு நினைக்கிறேன். கல்ச்சர் எடுத்தாச்சு, ஆன்டிபயாட்டிக் ஓடுது, 500 மி.லி. ஃப்ளூயிட் போயாச்சு. பிபி ஏறலைன்னா ஐ.சி.யூ.வைக் கூப்பிடலாமா?" இதுதான் ஏ.சி.பி. பேச்சு. (செப்சிஸ் என்றால் தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை.) நினைத்தது தப்பென்றால் அவர் திருத்துவார். வெறும் எண்களில் திருத்த என்ன இருக்கிறது?

டிரிப் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சிக்கல் ரோட்டாவில், அதாவது டியூட்டி பட்டியலில். ஆள் குறைந்த அன்று பயிற்சியாளரை நர்ஸ் கணக்கில் சேர்த்தால் அன்றைய கற்றல் போச்சு. பெயரைத் தனி வரிசையில் போடச் சொல்லுங்கள். சூப்பர்வைசரோடு வாரம் ஒரு மணி நேரம் என்று ஜாப் பிளானிலேயே எழுதி வாங்குங்கள்.

மூட்டுவலி:
எதில் கையெழுத்துப் போடலாம் என்பது தெரியாததால்தான் பாதிக் குழப்பம். ஏ.சி.பி. என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. பதிவேட்டில் நீங்கள் நர்ஸ்தான், என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட் ஏ.சி.பி.க்கள் பிசியோதான். மருந்து எழுதும் தகுதிக்கான வி300 படிப்பில் பாஸானாலும், நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான என்.எம்.சி.யின் பதிவேட்டில் அது ஏறிய பிறகே மருந்து எழுதலாம். எக்ஸ்ரே கேட்க, வேலை பார்க்கும் டிரஸ்ட் (ஆஸ்பத்திரியை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்பு) உங்களுக்கு அனுமதி தந்திருக்கணும். டிரஸ்ட் மாறினால் மறுபடி முதலிலிருந்து. வேலைக்குப் போக முடியுமா என்று சொல்லும் மருத்துவச் சான்றான ஃபிட் நோட்டை 2022 ஜூலையிலிருந்து நர்ஸ், பிசியோ, பார்மசிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தரலாம். பக்கத்து நாற்காலியில் அதே வேலை பார்க்கும், ஆம்புலன்ஸ் பணியிலிருந்து வந்த பாராமெடிக் ஏ.சி.பி. தர முடியாது!

நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கு ஸ்டெத் போட்ட எல்லாரும் டாக்டர்தான். "நான் டாக்டர் இல்லைங்க பாட்டி, ஆனா உங்களைப் பார்த்து வைத்தியம் முடிவு பண்றது நான்தான்" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நோட்ஸில் கையெழுத்தோடு பதவிப் பெயரும் இருக்கட்டும்.

நாலாவது தூண்:
ஏ.சி.பி. பணிக்கான இங்கிலாந்தின் 2017 வழிகாட்டுதலில் தூண்கள் நான்கு: சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆராய்ச்சி. ரோட்டா முழுக்க சிகிச்சை என்றால் ஜூனியர் டாக்டர் இல்லாத இடத்தை அடைக்கிற ஆளாகத்தான் முடிவீர்கள். ஆராய்ச்சி என்றதும் மிரள வேண்டாம். கடைசி 20 செப்சிஸ் கேஸ்களில் முதல் ஆன்டிபயாட்டிக் எத்தனையாவது நிமிஷத்தில் போனது என்று எடுத்துப் பாருங்கள், அதுவே நல்ல ஆடிட் (சிகிச்சைத் தரச் சோதனை).

இரவுப்பணி:
நன்றி. ரோட்டாவில் தனி வரிசையை நர்ஸ்களின் மேலாளரான மேட்ரனிடம் கேட்கணுமா, கன்சல்டன்ட்டிடமா?

வார்டு பிரதர்:
இரண்டு பேருக்கும் ஒரே மெயில். தனித்தனியாகப் போனால் அவரைக் கேளுங்க, இவரைக் கேளுங்க என்று அலையவிடுவார்கள்.